ஹெட்ஸ்பேஸ் என்பது தலைக்கு மேலுள்ள வெற்றிடம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், மான் வேட்டைப் பருவத்தை ஒட்டி, சுட்ட தோட்டாக் கோதுகளை (மருந்தையும் சன்னத்தையும் தாங்கும் பித்தளைக் கூடுகளை) வீட்டிலேயே மீண்டும் நிரப்புவது பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். இப்படியொரு விஷயத்தைத் தமிழில் எழுத ஒருவர் முன்வந்தது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது. எங்கள் வேட்டைக் குழுவில் ஐந்து பேர். அதில் மூவர் நாற்பது வயதுக்குப் பிறகு கனடாவுக்கு வந்தவர்கள். ஆங்கிலக் கைநூலை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள். உங்கள் பக்கத்தை வெட்டி எடுத்துக் கராஜ் சுவரில் ஒட்டிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தை உடனே எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் உள்ள சில வரிகள் பிழை. ஒருவருடைய கண்ணைப் பறிக்கக்கூடிய பிழை.

நான் முப்பத்தொரு வருடம் இங்கே மிசிசாகாவில் கருவிப் பட்டறையில் கடைசல் வேலை செய்து ஓய்வுபெற்றவன். தோட்டா நிரப்பத் தொடங்கி இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. துவக்கை முதன்முதலாகக் கையால் தொட்டது வன்னியில், பெரியப்பாவின் இடியனில். வயலுக்குள் இறங்கும் பன்றிக்காக வைத்திருந்தார். மருந்தை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தே அளப்பார். குழாயின் வாய் வழியாகப் போட்டுக் கம்பியால் இடித்து நிரப்புவார். இடியனுக்குக் கோதும் இல்லை, பின்பக்கத்தை மூடிப் பூட்டும் போல்ட்டும் இல்லை. ஆகவே நான் எழுதப்போகும் தொல்லையும் அதற்கு இல்லை.

எங்கள் சனத்தில் துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் உண்டு. அவர்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. என் மனைவியே அப்படித்தான். நான் எழுதுவது உரிமம் எடுத்து, பாடம் படித்து, நவம்பர் மாதம் பாரி சவுண்ட் பக்கம் காட்டுக்குப் போகிறவர்களுக்காக. அவர்கள் முழுக் கண்ணோடும் முழு விரலோடும் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக.

முதலில் சொல்லைச் சரிசெய்வோம். கட்டுரையில் ஹெட்ஸ்பேஸ் என்பதை ‘தோட்டாவின் தலைக்கு முன்னால் உள்ள வெற்றிடம்’ என்று தமிழாக்கியிருந்தீர்கள். இதைப் படித்த எங்கள் குழு நண்பர் ஒருவர், தோட்டாவின் தலை என்றால் குழாய் வழியே பறந்துபோகும் கூரான சன்னம்தானே என்று நினைத்துவிட்டார். அந்த வெற்றிடத்தைக் குறைப்பதற்காகச் சன்னத்தைக் கோதுக்குள் ஆழமாக இறக்காமல் வெளியே நீட்டி வைத்து இருபது தோட்டா நிரப்பியிருந்தார். அவரைப் பிழை சொல்ல முடியாது. எழுதியிருந்தபடிதான் செய்தார். நல்ல வேளையாக அந்தத் தோட்டாக்கள், துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் மகசினுக்குள்ளேயே போகவில்லை.

இந்தத் தொழிலில் கோதின் தலை என்பது அதன் அடிப்பக்கம். ஊசி அடித்ததும் பற்றி மருந்தைக் கொளுத்தும் பிரைமர் இருக்கிற பக்கம். போல்ட்டை மூடிய பிறகு போல்ட்டின் முகம் ஓரிடத்தில் நிற்கிறது. தோட்டா அதற்கு மேல் முன்னே போகாமல் தடுக்கும் இடம் ஒன்று, தோட்டா உட்காரும் துப்பாக்கி அறைக்குள் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். சன்னத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதற்குத் தமிழில் ஒரு சொல்லைப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஹெட்ஸ்பேஸ் என்றே எழுதுங்கள், விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள்.

தடுக்கும் இடம் எது என்பது தோட்டாவுக்குத் தோட்டா வேறுபடும். எங்கள் வீட்டுக் குசினியை வைத்தே இதைச் சொல்லலாம். புட்டுக் குழல் பானை வாயில் எப்படி நிற்கிறது? அதன் அடியில் உள்ள விளிம்பால். நீத்துப்பெட்டி எப்படி நிற்கிறது? அதற்கு விளிம்பு கிடையாது. தன்னுடைய சரிவினாலேயே பானை வாயில் அமர்ந்துவிடுகிறது. .303 தோட்டா புட்டுக் குழல். அடியில் துருத்திக்கொண்டிருக்கும் விளிம்புதான் அதை நிறுத்துகிறது. .308, .30-06 இரண்டும் நீத்துப்பெட்டி. கோதின் உடல் ஒடுங்கிக் கழுத்தாகும் அந்தத் தோள்தான் அறையின் தோளில் போய் முட்டி நிற்கிறது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு எல்லாக் கோதுக்கும் ஒரே முறையை எழுதியதுதான் கட்டுரையின் பெரிய குறை.

இனி அளவு. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கைப் பட்டறையில் ‘தௌ’ என்போம். இந்தத் தொழில் முழுவதும் இந்த நாட்டிலும் இன்னும் அங்குலத்தில்தான் நடக்கிறது. தௌ என்பது எவ்வளவு என்று உங்கள் வாசகர் கையால் உணர வேண்டும் என்பதற்காக, இந்தப் பத்திரிகையின் தாள் ஒன்றை என் மைக்ரோமீற்றரில் வைத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 3 தௌ. ஆகவே இதற்குப் பிறகு நான் 3 தௌ என்று எழுதும் இடத்தில், கையில் பிடித்திருக்கும் இந்தத் தாளின் தடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். .308 துப்பாக்கிக்கு, போல்ட் மூட வேண்டிய கேஜ் (தோட்டாவுக்குப் பதிலாக அறைக்குள் போட்டுப் பார்க்கும் அளவுக் கட்டை) 1.630 அங்குலம். மூடக்கூடாத கேஜ் 1.634. நல்லதுக்கும் சந்தேகத்துக்கும் இடையில் ஒன்றரைத் தாள் கூட இல்லை.

போன வருடம் ஒக்டோபரில் என் மருமகன், தங்கையின் மகன், ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் கோதுகளைக் கொண்டுவந்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்து, .303 தோட்டா சுடும் லீ என்ஃபீல்ட் எண் 4 துப்பாக்கி ஒன்றைப் பழைய பொருளாக வாங்கியிருந்தான். எங்கள் பகுதியில் இருப்பவர்களுக்கு அந்தத் துப்பாக்கியின் மேல் ஒரு தனி நெருக்கம் உண்டு. அந்த வகைத் துப்பாக்கிகளை இதே மிசிசாகாவின் ஏரிக்கரையில் இருந்த லோங் பிராஞ்ச் தொழிற்சாலையிலும் செய்தார்கள். 1941 முதல் அங்கே ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட எண் 4 துப்பாக்கிகளைச் செய்தார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். தொழிற்சாலை போய்விட்டது. பரிசோதனைக் கட்டடம் இன்னும் நிற்கிறது, அதில் இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. வடக்கே காவல் பார்க்கும் இராணுவப் பிரிவான கனேடியன் ரேஞ்சர்கள் இந்தத் துப்பாக்கியைத்தான் எழுபது வருடம் வரை தோளில் சுமந்தார்கள். மோசமான துப்பாக்கி அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

மருமகன் கொண்டுவந்த பெட்டியில் ஒரு கோது பாதிதான் இருந்தது. பாதி என்றால் அடிப்பாகம் மட்டும். விளிம்பும் அதற்கு மேல் ஒரு சென்ரிமீற்றர் பித்தளையும். மீதி அறைக்குள் சிக்கிக்கொண்டுவிட்டது. அடுத்த தோட்டாவைத் தள்ளப் பார்த்திருக்கிறான், போகவில்லை. சுடுகளத்தில் இருந்த ஒரு வயதான வெள்ளைக்காரர் உடைந்த கோதை இழுக்கும் சின்னக் கருவியை அறைக்குள் போட்டு, போல்ட்டை மூடித் திறந்து எடுத்துக்கொடுத்திருக்கிறார். மருமகனின் கன்னத்தில் கருமருந்துப் புள்ளிகள் போலச் சில கறுப்பு அடையாளங்கள். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கண்ணாடியில் இருந்த புகைக்கறையை அவன் துடைக்கவில்லை, அப்படியே எடுத்துவந்து காட்டினான்.

“மருந்தைக் கூடப் போட்டுவிட்டேனா மாமா?” என்று கேட்டான். எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். உங்கள் கட்டுரையும் கோது உடைந்தால் மருந்து கூடிவிட்டது என்றே எழுதியிருக்கிறது. அவன் மருந்தை மிகக் கவனமாகத்தான் நிறுத்திருந்தான். நிரப்பும் புத்தகத்தின் தொடக்க அளவைத் தாண்டவே இல்லை.

மீதிக் கோதுகளைச் சமையல் மேசையில் வரிசையாக நிறுத்தினேன். மேலே விளக்கைப் போட்டுச் சாய்த்துப் பார்த்தால், அடியிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உயரத்தில் சில கோதுகளைச் சுற்றி ஒரு மெல்லிய வெளிச்ச வளையம். பித்தளையின் மற்ற இடமெல்லாம் மங்கல், அந்தக் கோடு மட்டும் பளிச்சென்று இருந்தது. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை அரத்தில் தீட்டி, இரண்டு மில்லிமீற்றர் அளவுக்கு மடித்தேன். அதைக் கோதின் வாய் வழியாக அடிவரை விட்டு, நுனியை உட்சுவரில் அழுத்தியபடி மெதுவாக மேலே இழுக்கச் சொல்லி அவன் கையில் கொடுத்தேன். வளையம் இருந்த அதே உயரத்தில் நுனி தட்டென்று ஒரு பள்ளத்தில் விழுந்தது. அவன் முகம் மாறியது. பதினெட்டுக் கோதில் பதினொன்றில் அந்தப் பள்ளம். ஒன்றைப் பிடிப்பானில் வைத்து வாள் பிளேட்டால் நீளவாக்கில் இரண்டாக அறுத்தேன். அடியில் நல்ல தடிப்பாக இருந்த சுவர், ஓரிடத்தில் திடீரென்று பென்சில் கோடு போல மெலிந்து, மறுபடி தடித்து மேலே போயிருந்தது. அதை இன்னொரு தடவை சுட்டிருந்தால் அந்த இடத்தில்தான் பிளந்திருக்கும்.

இது எப்படி நடக்கிறது? விசையை அழுத்தியதும் ஊசி பிரைமரை அடிக்கிறது. அந்த அடியிலேயே கோது முன்னே தள்ளப்பட்டு, விளிம்பு முட்டும் இடம்வரை போய்விடுகிறது. அப்போது கோதின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையில் ஒரு வெளி உண்டாகிறது. அடுத்த கணம் மருந்து எரிந்து அழுத்தம் ஏறுகிறது. .303க்கு இதன் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 49,000 இறாத்தல். கோதின் முன்பக்கச் சுவர் மெல்லியது. அது உடனே விரிந்து அறையின் சுவரை இறுகப் பிடித்துக்கொள்கிறது, அசையாது. அடிப்பக்கம் தடிப்பானது, அது பிடிக்காது. ஆகவே அடி மட்டும் பின்னுக்குப் போய்ப் போல்ட்டில் மோதுகிறது. முன்பாதி நிற்க, பின்பாதி போனால், இடையில் உள்ள பித்தளை இழுபட்டுத்தானே ஆக வேண்டும்? இழுபடும் இடம்தான் அந்த வளையம். லீ என்ஃபீல்டில் போல்ட்டைப் பூட்டும் முட்டுகள் பின்னால் இருப்பதால் அழுத்தத்தில் அது இன்னும் கொஞ்சம் நெகிழும், இழுவை அந்த அளவுக்குக் கூடும்.

ஒரு தடவை இழுபட்டால் ஒன்றும் ஆகாது. 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் (துத்தநாகமும்) கலந்த பித்தளை அதைத் தாங்கும். தாழ்ப்பாள் தளர்ந்த கதவு ஒருநாள் காற்றுக்கு உடையாது. ஒவ்வொரு நாளும் அடித்துக்கொண்டால்தான் கீல் கழன்று வரும். கோதை ஒவ்வொரு தடவையும் மீண்டும் இழுபட வைப்பது எது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை மருமகனின் துப்பாக்கியில் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி, சுட்ட கோதை மீண்டும் அளவுக்குச் சுருக்கும் அச்சில், அவனுடைய டையில் இருந்தது.

துப்பாக்கியைக் கொண்டுவரச் சொல்லி, கோதை வெளியே இழுக்கும் போல்ட்டின் கொக்கியைக் கழற்றிவிட்டு அளந்தோம். போல்ட்டில் அடித்திருந்த எண்ணும் உடலில் அடித்திருந்த எண்ணும் வேறு. யாரோ எங்கிருந்தோ எடுத்துப் பொருத்திய போல்ட். ஹெட்ஸ்பேஸ் 0.068 அங்குலம் வந்தது. பழைய இராணுவ விதிப்படி 0.064 கேஜில் போல்ட் மூட வேண்டும், 0.074 கேஜில் மூடக்கூடாது. ஆகவே விதிப்படி அவனுடையது நல்ல துப்பாக்கி. ஆனால் அவனுடைய கோதின் விளிம்புத் தடிப்பை அளந்தால் 0.058தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 10 தௌ. மூன்று பத்திரிகைத் தாளுக்கு மேல். விதி பிழையா? இல்லை. இராணுவம் ஒரு கோதை ஒரு தடவைதான் சுடும். சுட்டதும் நிலத்தில் எறிந்துவிடும். ஒரு தடவை 10 தௌ இழுபடுவது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அதே கோதைப் பொறுக்கி எடுத்து ஐந்து தடவை சுட நினைக்கிற நாங்கள்தான் அதை யோசிக்க வேண்டியவர்கள்.

இதோடு இன்னொன்று. சேறும் தூசியும் ஒட்டிய தோட்டாவும் தடையில்லாமல் உள்ளே போக வேண்டும் என்று இந்த இராணுவத் துப்பாக்கிகளின் அறையை, தோள் பக்கத்தில், தாராளமாகக் கடைந்திருக்கிறார்கள். கடையில் வாங்கும் டையோ இதற்கு நேர் எதிர். சந்தையில் உள்ள மிக இறுக்கமான அறைக்குள்ளும் கோது போக வேண்டும் என்பதற்காக டையைச் சிறிதாகவே செய்கிறார்கள். சுட்டதும் அறையின் அளவுக்கு முன்னே போன தோளை, டை பழைய இடத்துக்கே பின்னே தள்ளிவிடுகிறது. மருமகனின் கோதில் அப்படித் தள்ளப்பட்ட தூரம் 20 தௌ.

இந்த இடத்தில்தான் உங்கள் கட்டுரையின் மிகப் பெரிய பிழை வருகிறது. ‘டையைக் கோதுப் பிடியைத் தொடும்வரை இறக்கி, பிறகு கால் சுற்று மேலும் இறக்குக’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோதுப் பிடி என்பது, கோதை டைக்குள் தள்ளும் பிரெஸ் என்ற நெம்புகோல் கருவியில் கோதின் அடியைப் பிடிக்கும் துண்டு. பல டைப் பெட்டிகளுக்குள் வரும் தாளிலும் இதே வரி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்தத் தாள் எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாக எழுதப்பட்டது. டையின் மரையில் அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு முழுச் சுற்று 71 தௌ இறங்கும். கால் சுற்று ஏறத்தாழ 18 தௌ. இதில் ஒரு பகுதியைப் பிரெஸ்ஸின் நெகிழ்வு விழுங்கிவிடும் என்பது சரி. ஆனாலும் டையின் கடைசி எல்லைவரை கோதை அமுக்கிவிடுகிறீர்கள். உங்கள் துப்பாக்கிக்கு அது தேவையா என்று யாரும் கேட்கவில்லை.

.303க்கு நான் மருமகனுக்குக் காட்டிய வழி இதுதான். புதுக் கோதை முதன்முதலில் சுடும்போது அதன் விளிம்புக்கு முன்னால் ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தைப் போடு. அது கோதைப் பின்னுக்கு அழுத்திப் போல்ட்டோடு ஒட்டி வைத்திருக்கும். ஊசி அடித்தாலும் முன்னே போகாது, ஆகவே அடி இழுபடாது. தோள் மட்டும் முன்னே விரிந்து அறையை நிரப்பிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தக் கோது புட்டுக் குழல் அல்ல, நீத்துப்பெட்டி. தன் தோளிலேயே நிற்கப் பழகிவிட்டது. இனி அந்தத் தோளைக் கெடுக்காதே. கழுத்தை மட்டும் சுருக்கிச் சன்னத்தைப் பிடிக்கச் செய். சில தடவைகளுக்குப் பிறகு போல்ட் மூட இறுக்கமாக வந்தால், அப்போது மட்டும் தோளை 1 அல்லது 2 தௌ பின்னே தள்ளு. ஒரு பத்திரிகைத் தாளை விடக் குறைவு.

அந்த 2 தௌவை எப்படிப் பிடிப்பது என்று கேட்பீர்கள். சுட்ட கோதின் கழுத்தையும் தோளையும் மார்க்கர் பேனாவால் கறுப்பாக்குங்கள். டையை ஒரு சுற்று மேலே தூக்கி வைத்துத் தொடங்குங்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். கழுத்தில் மை அழிந்து அழிந்து கீழே வரும். தோளில் தொட்ட அடையாளம் தெரிந்ததும் நிறுத்துங்கள். இப்போது ஊசியையும் கொக்கியையும் கழற்றிய போல்ட்டில், பிரைமரும் மருந்தும் இல்லாத அந்த வெறுங்கோதைப் போட்டு மூடிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் டையைக் கீழே இறங்கும் பக்கம் பத்துப் பாகை திருப்புங்கள். பத்துப் பாகைக்கு 2 தௌ. டையின் வளையத்தில் ஒரு கோடும் பிரெஸ்ஸில் ஒரு கோடும் கீறி வைத்துக்கொண்டால் கண்ணுக்கே தெரியும். போல்ட் விரலால் மூடும், ஆனால் கடைசி இடத்தில் ஒரு சிறு தடையை உணரலாம். அந்த இடம்தான் உங்கள் துப்பாக்கி கேட்கிற அளவு. பூட்டு வளையத்தை இறுக்கிவிடுங்கள். பெட்டியில் துப்பாக்கியின் எண்ணை எழுதி, அந்தக் கோதுகளை வேறு துப்பாக்கிக்குக் கொடுக்காதீர்கள். ஒன்றே ஒன்று: காட்டுக்குக் கொண்டுபோகும் தோட்டா ஒவ்வொன்றையும் முதலிலேயே சுடுகளத்தில் வைத்து அறைக்குள் போட்டு எடுத்துப் பாருங்கள். நவம்பர்க் குளிரில், விறைத்த விரலோடு, மூடாத போல்ட்டோடு போராடுவது ஆபத்து.

.308, .30-06 வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு விளிம்பு என்ற காவல் இல்லை. தோளை எத்தனை தௌ பின்னே தள்ளுகிறீர்களோ, அத்தனை தௌவும் அப்படியே அடி இழுபடுகிற இடைவெளியாக மாறும். கேஜில் வைத்தால் துப்பாக்கி நன்றாகவே இருக்கும். அளவுக்கு மீறிச் சுருக்கிய கோதுதான் அதைத் தளர்ந்த துப்பாக்கியாக்குகிறது. கைக்காசு கொடுத்துத் துப்பாக்கியைத் திருத்தக் கொண்டுபோய், பிழை தன் டையில் இருப்பதைக் கடைசியில் கண்டுபிடித்தவர்களை நான் அறிவேன்.

போல்ட் தலையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எழுதியிருந்தீர்கள். எண் 4 துப்பாக்கியில் போல்ட் தலை தனியாகக் கழலும், 0 முதல் 3 வரை எண்ணிட்ட நான்கு அளவு உண்டு என்பது உண்மை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறத்தாழ 3 தௌ கூடும். மருமகனுக்கு 1ஆம் எண்ணைக் கழற்றி 2ஆம் எண்ணைப் போட்டேன், ஹெட்ஸ்பேஸ் 0.065க்கு வந்தது. நல்லதுதான். ஆனால் பிரெஸ்ஸில் 20 தௌவை இழந்துகொண்டு போல்ட்டில் 3 தௌவைச் சேமிப்பது, அடியில் ஓட்டை விழுந்த வாளிக்கு மூடி செய்வது. தேய்ந்துபோன துப்பாக்கியை மறைக்க நீளமான தலையைப் போட்டு விற்பவர்களும் உண்டு. வாங்கும்போது எண்களைப் பாருங்கள்.

கோது நீண்டால் வாயை வெட்டிவிட்டால் போதும் என்ற வரியும் அப்படித்தான். .303 கோது 2.222 அங்குலத்தைத் தாண்டினால் வெட்டத்தான் வேண்டும், வெட்டாவிட்டால் வாய் அறையின் முன்னால் நெரிந்து சன்னத்தை விடாமல் பிடிக்கும். ஆனால் அடிக்கடி வெட்ட வேண்டி வந்தால், அந்தக் கூடுதல் பித்தளை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வானத்திலிருந்து வரவில்லை. அடியில் இழுபட்டு, டையில் பிதுங்கி, வாய்க்கு வந்திருக்கிறது. நீங்கள் கத்தரித்துக் குப்பையில் போடும் அந்தச் சுருள் பித்தளை, அடிச்சுவர் மெலிந்த அளவின் கணக்கு.

துப்புரவு பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், அமோனியா கலந்த பித்தளைப் பூச்சில் கோதைப் பளபளப்பாக்கலாம் என்று. தயவுசெய்து வேண்டாம். பிரித்தானியர் காலத்து இந்தியாவில் மழைக்காலம் முடியும்வரை தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் பித்தளையில் வெடிப்பு. ஏன் என்று பல காலம் தெரியவில்லை. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாவும், இழுத்துச் செய்த பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்று 1921இல்தான் விளக்கினார்கள். நூறு வருடத்துக்கு முன் எங்கள் பக்கத்து நாட்டில் படித்த பாடத்தை இங்கே ஒரு கராஜில் மறுபடி படிக்க வேண்டியதில்லை. சோளக் கதிரின் தண்டை அரைத்த தூளில் போட்டு உருட்டினாலே போதும்.

மருமகனின் பெட்டியில் பள்ளம் விழுந்த பதினொன்றையும் குறட்டால் நசுக்கி உலோகக் குப்பையில் போட்டோம். நசுக்காமல் போட்டால் யாரோ ஒருவர் எடுத்து நிரப்புவார். மீதி ஏழையும் இந்த வருடம் நான்காம் தடவையாகச் சுட்டிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் கிளிப்பை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நிரப்புகிறான். இதுவரை நுனி எங்கும் விழவில்லை.

கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், திருத்தம் ஒன்று வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சுவரில் ஒட்டியிருக்கும் பக்கத்தின் மேல் ஒட்டுவதற்கு அவர்களுக்கு அது வேண்டும். இந்தக் கடிதத்துடன், நீளவாக்கில் அறுத்த அந்தக் கோதின் ஒரு பாதியைச் சின்ன உறையில் வைத்து அனுப்புகிறேன். அறுத்த பக்கத்தை வெளிச்சத்துக்குச் சரித்துப் படம் எடுத்தால் மெலிந்த இடம் நன்றாகத் தெரியும். பக்கத்தில் ஒரு பத்திரிகைத் தாளின் ஓரத்தையும் வைத்து எடுங்கள். திருப்பி அனுப்ப வேண்டாம், மற்றப் பாதி என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி,
மிசிசாகா, ஒன்ராறியோ